கரை போன நாட்கள்

சேந்தன்குறிச்சியில் வேட்டிகளின் கரை காணாமல் போன கதையை இன்றைக்குப் போய்க் கேட்டால், ஊரில் பாதிப் பேர் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்பார்கள், மீதிப் பேர் நடந்தது, ஆனால் எங்கள் கட்சியால்தான் நடந்தது என்பார்கள், பூவலிங்கம் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். வாயைத் திறந்ததால் வந்தது அது, வாயைத் திறந்ததால் போனதும் அது என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஊரில் அப்போது இரண்டே கட்சிகள். மண்வெட்டிக் கட்சிக்காரர்கள் பச்சையும் மஞ்சளுமாகக் கரை போட்ட வேட்டி கட்டினார்கள், குடைக் கட்சிக்காரர்கள் நீலமும் சிவப்புமாகக் கரை போட்ட வேட்டி கட்டினார்கள். எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கும் பழக்கம் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. ஆவுடையின் டீக்கடையில் இரண்டு பெஞ்சு, முடிவெட்டும் கடை இரண்டு, சித்திரை மாதத்துத் தண்ணீர்ப் பந்தலும் இரண்டு. பெண் பார்க்க வருகிறவர்களின் ஜாதகத்தை அய்யர் பார்ப்பார், கரையைத் தாய்மாமன் பார்ப்பார், இரண்டும் பொருந்தினால்தான் தட்டு மாற்றுவார்கள்.

பூவலிங்கம் மண்வெட்டிக் கட்சியின் கிளைச் செயலாளர், மேடைப் பேச்சாளர். நல்ல மனிதர்தான், ஆனால் கைதட்டல் கேட்டால் அவருக்குத் தன் நாக்கு தன்னுடையது இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்தல் கூட்டத்தில், முன்வரிசையில் நாலு பேர் கொட்டாவி விட்டதைப் பார்க்கப் பொறுக்காமல், "ஓட்டைக் குடை என்று தெரியாமல் என் தங்கச்சியை அதற்குள்ளே நிறுத்திவிட்டேன், இன்றைக்கு அவள் நனைகிறாள்" என்று அடித்துவிட்டார். கூட்டம் சிரித்து அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தங்கை செண்பகவடிவைக் கட்டியிருந்த தெய்வசிகாமணி, கல்யாணத்துக்குப் பிறகு கரை மாறிக் குடைக் கட்சியின் கிளைச் செயலாளர் ஆனவர். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டு வாசலைப் பூவலிங்கம் மிதிக்கவில்லை, அவர்களும் இவர் வாசலை மிதிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். தன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய தங்கை மகன் சொக்கநாதன் ராணுவத்தில் சேர்ந்து ரயிலேறிய அன்றைக்குக்கூட, பூவலிங்கம் லெவல் கிராஸிங் பக்கம் நின்று ரயிலைத்தான் பார்த்தார், பையனைப் பார்க்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வடக்கே எல்லையில் போர் வந்தது. போர் முடிகிறவரை கட்சி வேண்டாம், நாடு மட்டும் போதும் என்று இரண்டு கட்சித் தலைவர்களும் தலைநகரத்தில் கைகுலுக்கிக்கொண்டார்கள், அந்தப் போட்டோ பத்திரிகையில் வந்தது, அதைப் பார்த்துச் சேந்தன்குறிச்சியிலும் சந்தைத் திடலில் ஒரே மேடை போட்டு இரண்டு கொடியையும் கட்டி ஒற்றுமைக் கூட்டம் நடத்தினார்கள். தெய்வசிகாமணி மேடையின் இந்தக் கோடியிலும் பூவலிங்கம் அந்தக் கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். பேச எழுந்த பூவலிங்கத்துக்கு வழக்கமான வசவு எதையும் எடுக்க முடியாததால் முதலில் நாக்கு திணறியது, பிறகு எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டது.

"எல்லைக் கோட்டைக் காக்க நம் பிள்ளைகள் நிற்கும்போது நமக்குள் எதற்கய்யா கோடு? இந்த நிமிஷத்திலிருந்து சொல்கிறேன், சேந்தன்குறிச்சியில் எவன் வேட்டியிலும் கரை இல்லை!"

திடலே எழுந்து நின்று கை தட்டியது. இரண்டு கட்சியும் சேர்ந்து தட்டிய கை, பூவலிங்கம் அதுவரை கேட்டிராத சத்தம். மனதில் இருந்து சொன்னாரா என்று கேட்டால் இல்லை, நன்றாக இருக்கிறதே என்று சொன்னார்.

மறுநாள் காலையில் ஊரில் எவன் வேட்டியிலும் கரை இல்லை.

கொடியில் காய்ந்தது, பெட்டியில் மடித்து வைத்தது, இடுப்பில் கட்டியிருந்தது, பட்டு, பருத்தி, பழசு, புதுசு என்று எதிலும் இல்லை. நூல் பிரிந்த அடையாளமோ சாயம் போன வெளுப்போ கிடையாது, கரை என்ற ஒன்றே நெய்யப்படாததுபோல் துணி ஓரம்வரை வெள்ளையாக இருந்தது. முதலில் எல்லோரும் வண்ணார மாடசாமியைச் சந்தேகப்பட்டார்கள். அவர் தன் இடுப்பு வேட்டியைக் காட்டி, "நான் குடைக் கட்சி. என் கரையையே நான் ஏன் வெளுக்கப் போறேன்?" என்று கேட்டதும் விட்டுவிட்டார்கள். சாயம் வாங்கி முக்கிப் பார்த்தார்கள், சாயம் வாளியிலேயே இருந்துகொண்டது. புதுக் கரை வேட்டி வாங்க நாலு பேர் டவுனுக்குப் போனார்கள், கடைக்காரன் மடித்துக் கொடுக்கிறவரை இருந்த கரை ஊர் எல்லைப் புளியமரத்தைப் பஸ் தாண்டியபோது போயிற்று.

பூவலிங்கம் மாவட்டத் தலைமைக்குத் தந்தி அடித்தார், தெய்வசிகாமணியும் தம் தலைமைக்கு அடித்தார். போஸ்ட் மாஸ்டர் இரண்டு பேருக்கும் ஒரே வாசகத்தை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதிக்கொடுத்தார்: கரை போயிற்று, என்ன செய்ய. இங்கிலீஷில் இடையின ரகரமும் வல்லின றகரமும் ஒன்றுதானே. மண்வெட்டித் தலைமை அதைக் கறை என்று படித்துவிட்டு, "மகிழ்ச்சி, எந்தச் சோப்பு எனத் தெரிவிக்கவும்" என்று பதில் அனுப்பியது. குடைத் தலைமை கடற்கரை என்று படித்துவிட்டு, "எதிரி எத்தனை பேர், மேட்டுக்கு ஏறவும்" என்று பதில் அனுப்பியது. சேந்தன்குறிச்சியிலிருந்து கடல் அறுபது மைல். அதற்குப் பிறகு தலைமையை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

பழகிக்கொண்டார்கள், வேறென்ன செய்வது. காலைப் பார்த்துப் பயனில்லை என்று ஆனதும் வேறு வழியில்லாமல் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள், பார்த்தால் பல முகங்கள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த முகங்களாக இருந்தன. ஆவுடையின் கடையில் எது எந்தப் பெஞ்சு என்ற குழப்பத்தில் முதல் இரண்டு நாள் எல்லோரும் நின்றுகொண்டே டீ குடித்தார்கள், மூன்றாம் நாள் கால் வலித்து இடம் கிடைத்த பக்கம் உட்கார்ந்தார்கள். குடைக் கட்சிச் செயற்குழு ஒன்றில் மண்வெட்டிக்காரர்கள் நாலு பேர் தெரியாமல் போய் உட்கார்ந்து, ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, இன்னொன்றை வழிமொழிந்து, வடையும் தின்றுவிட்டு வந்தார்கள், விஷயம் தெரிந்தும் யாருக்கும் பெரிதாகக் கோபம் வரவில்லை, தீர்மானம் நல்ல தீர்மானம் என்றுதான் சொன்னார்கள். பெண்கள் சத்திரத்தில் கூடி, போர்முனைக்கு அனுப்ப நார்த்தங்காய் ஊறுகாய் போட்டார்கள். ஏழெட்டு வருஷம் பேசாமல் இருந்த ஓரகத்திகள் ஒரே பானைக்கு உப்புப் போட்டு, நீ போட்டது அதிகம் நான் போட்டது குறைவு என்று சண்டையிட்டுக்கொண்டார்கள். அது கட்சிச் சண்டை இல்லை, வெறும் சண்டை, அதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

நாலாவது நாள் பூவலிங்கம் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். என்ன சொல்லி உள்ளே போவது என்று தெருமுனையிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தும் ஒன்றும் தோன்றவில்லை, மேடையில் கொட்டுகிற வாய்க்கு அந்த வாசலில் ஒரு சொல் கிடைக்கவில்லை. தங்கை வடிவு முறத்தோடு வெளியே வந்தாள், பழக்கத்தில் முதலில் அவர் காலைப் பார்த்தாள், அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. மெலிஞ்சு போயிட்டீயளே."

உள்ளே ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த தெய்வசிகாமணி அரைவாசி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"எங்க வீட்டு ரேடியோ கரகரங்குது மாப்பிள்ளை. செய்தி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் பூவலிங்கம்.

"இதுவும் கரகரன்னுதான் இருக்கு மச்சான். உக்காருங்க, சேந்தே கேப்போம்."

வடிவு மோர் கொண்டுவந்து வைத்தாள். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் குடிக்கிற மோர், பூவலிங்கம் டம்ளரின் அடிவரை குடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலைச் செய்திக்கும் மாலைச் செய்திக்கும் போனார். தெய்வசிகாமணி பழைய பள்ளிக்கூட வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ரேடியோவில் சொல்கிற ஊர்களைப் பென்சிலால் குறிப்பார், இவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, அந்த ஊர் இன்னும் கொஞ்சம் மேலே என்பார். சொக்கநாதன் எங்கே இருக்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியாது, அதனால் எல்லா ஊரிலும் அவன் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. தெய்வசிகாமணி படித்துவிட்டு மச்சானிடம் நீட்டினார்.

"மாமா நம் வீட்டுக்கு வருவதாக அம்மா எழுதியிருந்தாள். நம்ப முடியாமல் மூன்று தடவை படித்தேன். நான் லீவில் வரும்போது அப்பாவும் மாமாவும் ஒன்றாக ஸ்டேஷனுக்கு வாருங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்."

"போவோம் மாப்பிள்ளை" என்றார் பூவலிங்கம். "மாலை கீலை, மேளம் கீளம் ஒண்ணும் கிடையாது. நீங்க ஒரு கை, நான் ஒரு கை. பயலக் கூட்டிட்டு நடந்தே வருவோம்."

"சத்தியமா?" என்று கேட்டாள் வடிவு.

"உன் தலையில அடிச்சுச் சொல்லுதேன்."

முப்பத்தோராம் நாள் போர் முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று ரேடியோ சொன்னது, இரண்டு பெஞ்சுக்காரர்களுக்கும் ஆவுடை வெல்லப் பணியாரம் கொடுத்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாரோ எழுதிய கடிதம் வந்தது. சொக்கநாதனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லை, அடுத்த மாதம் வருவான். தெய்வசிகாமணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வடிவு அழவில்லை, அண்ணன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, ஊருக்குள்ள யாருக்கும் இத இப்பச் சொல்லாண்டாம். அவன் வந்து அவனாச் சொல்லட்டும். வேடிக்கைப் பொருளா அவன் வந்து இறங்கக் கூடாது."

பூவலிங்கம் தலையை ஆட்டினார். அந்த நிமிஷத்தில் அந்தத் தலையாட்டல் முழுக்க உண்மை.

இதற்குள் தலைநகரத்தில் கைகுலுக்கியவர்கள் கையை எடுத்துக்கொண்டு, ஜெயித்தது யாரால் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள், இரண்டு மாதத்தில் தேர்தல் என்றும் அறிவிப்பு வந்துவிட்டது. வெற்றி விழாவைத் தனித்தனியாக நடத்த வேண்டும் என்று இரண்டு தலைமையிலிருந்தும் சுற்றறிக்கை வந்தது, இந்தத் தடவை எழுத்துப் பிழை இல்லை. மண்வெட்டிக் கட்சியின் விழா ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் சந்தைத் திடலில் நடந்தது. கரையில்லாத கூட்டம் வந்தது, அதில் குடைக்காரர்களும் இருந்தார்கள், யார் பேசினாலும் சிரித்த முகத்தோடு இரண்டு தட்டுத் தட்டினார்கள். பூவலிங்கம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். நாடு என்றார், ஒற்றுமை என்றார், நார்த்தங்காய் ஊறுகாயைக்கூடச் சொன்னார். இரண்டு தட்டுத்தான் கிடைத்தது. ஒரு மாதமாக வீடுகளில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிப் பேசி, உப்பில்லாமல் சாப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

"எல்லையில் காலைக் கொடுத்தவன் எவன் தெரியுமா?" என்று அவர் குரல் தானாக ஏறியது. "இந்தப் பூவலிங்கத்தின் தங்கை மகன்! என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை! ஒரு காலை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைக் காலோடு வருகிறான், அது மண்வெட்டிக் குடும்பத்து ரத்தம்! மழைக்குப் பயந்து மடங்கிக் கிடந்த குடைகளே, உங்களிலிருந்து எவன் போனான்?"

அந்தப் பிள்ளையின் தகப்பன் குடைக்காரன் என்பது பேசியவருக்கும் மறந்தது, கேட்டவர்களுக்கும் மறந்தது. முதலில் ஒரு மூலையில் கிளம்பிய கைதட்டல் திடல் முழுக்கப் பற்றிக்கொண்டது, அது அடங்குவதற்குள், தரையில் கிடந்த ஈரத்தைத் துணி நுனி இழுப்பதுபோல வேட்டிகளில் கீழேயிருந்து நிறம் ஏறியது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்கள், பிறகு பக்கத்து ஆளின் காலைப் பார்த்தார்கள், பார்த்ததும் எழுந்து இரண்டு பக்கமாகப் போனார்கள். முன்பு ஒரு விரல் அகலம் இருந்த கரை இப்போது நாலு விரல் இருந்தது.

தெருமுனை வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வடிவின் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். தெய்வசிகாமணி தன் காலைப் பார்த்தார், நீலமும் சிவப்பும் நாலு விரல் அகலத்துக்கு வந்திருந்தது.

"கேட்டியா உங்க அண்ணன?" என்று சட்டையை எடுத்து மாட்டினார்.

"நீங்களும் போவாண்டாம். எனக்காக இருங்க."

"எம் மவன் காலை எடுத்துக் கொடியில கட்டுதான், நான் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று சொல்லிவிட்டு அவர் கட்சி ஆபீசுக்குப் போனார். அடுத்த நாள் குடைக் கட்சியின் கூட்டத்தில், அந்தக் கால் எந்தக் கட்சியின் கால் என்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

சொக்கநாதன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிப் பாசஞ்சரில். அன்று காலையில் பூவலிங்கம் தனியாகப் போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ரெண்டு பேரும் போவோம் வாரும் வே என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் சட்டை போட்டார். வாசலுக்கு வந்தால் ஐம்பது பேர் பச்சை மஞ்சளில் மேளத்தோடு நிற்கிறார்கள், ஒருவன் மாலையை அவர் கையில் கொடுத்தான், செயலாளர் வாழ்க என்று இன்னொருவன் கத்தினான். அவர் நடந்தார். மனமில்லாமல் நடந்தார் என்று சொல்லலாம், ஆனால் முன்னால்தான் நடந்தார்.

சேந்தன்குறிச்சி ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். ஒற்றைப் பிளாட்பாரத்தில் இந்தப் பக்கம் பச்சை மஞ்சள், அந்தப் பக்கம் நீலம் சிவப்பு, இரண்டு மேளம், ஒன்றின் தாளம் மற்றதில் விழுந்து இரண்டுமே கெட்டுப்போயின. வடிவு ஸ்டேஷன் வாசலிலேயே நெரிசலில் மாட்டிக்கொண்டாள், வழி விடுங்கய்யா, நான் பெத்தவ என்று அவள் சொன்னது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வண்டி நின்றது. கக்கத்தில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு சொக்கநாதன் கதவருகில் வந்து நின்றான், சிரித்தான், அப்பாவையும் மாமாவையும் ஒரே இடத்தில் பார்த்த சிரிப்பு. பிறகு அவன் கண் கீழே இறங்கி இரண்டு பேரின் வேட்டியையும் பார்த்தது. அவனும் சேந்தன்குறிச்சிக்காரன்தானே.

"எங்க செயலாளர்தான் மொதல்ல மாலை போடணும்!"

"பெத்த தகப்பன் இருக்கும்போது நீ யாருடே?"

பூவலிங்கத்தின் கை அவன் வலது மணிக்கட்டைப் பிடித்தது, தெய்வசிகாமணியின் கை இடது மணிக்கட்டைப் பிடித்தது. பின்னால் இருந்த ஐம்பது பேர் இவரை இழுத்தார்கள், ஐம்பது பேர் அவரை இழுத்தார்கள். ஒரு கட்டை நழுவித் தண்டவாளத்துக்குள் விழுந்தது.

"மாமா, விடுங்க. அப்பா, நீங்களும் விடுங்க. எனக்கு வலிக்கி" என்றான் சொக்கநாதன், சின்னப் பையனாக இருந்தபோது பேசிய குரலில்.

விட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள், கரை திரும்பி வந்த பிறகு அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அவன் இரண்டு பக்கத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிலைகொள்வதற்குள் விசில் ஊதியது, வண்டி நகர்ந்தது. இறங்குவதற்கு அவனுக்குக் கால் இல்லை, இறக்குவதற்கு இவர்களுக்குக் கை இல்லை.

அப்போதுதான் பெட்டியின் மறுபக்கக் கதவு வழியாகப் பூவலிங்கம் அவளைப் பார்த்தார். பிளாட்பாரத்தில் இடம் கிடைக்காமல், சுற்றிப் போய்த் தண்டவாளத்து ஜல்லியில் செருப்பில்லாமல் ஓடி வந்து, அந்தப் பக்கப் படியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டிருந்தாள் வடிவு. பெட்டியில் இருந்த ஒரு காய்கறிக்காரி அவள் தோளைப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டாள். மூச்சு வாங்க எழுந்து வந்து மகனின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். பிறகு இந்தக் கதவு வழியாகப் புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பூவலிங்கம் தாங்கியிருப்பார். அவள் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்க கூட்டத்த முடிச்சிட்டு வாங்கண்ணே."

வண்டி சிக்னலைத் தாண்டிப் போயிற்று. அம்மாவும் மகனும் அன்று டவுனில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள், சேந்தன்குறிச்சிக்கு அவர்கள் திரும்பி வரவில்லை. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் இரண்டு மேளமும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தன, பிறகு அவையும் ஓய்ந்து, ஆட்கள் இரண்டு வாசல் வழியாகக் கலைந்து, பிளாட்பாரத்தில் பூவலிங்கமும் தெய்வசிகாமணியும் மட்டும் நின்றார்கள். தெய்வசிகாமணி இவரைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு வார்த்தை போதும், மாப்பிள்ளை என்ற ஒரு வார்த்தை போதும் என்று பூவலிங்கத்துக்குத் தெரிந்தது, நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"உங்க ஆளுங்கதான் மொதல்ல இழுத்தாங்க" என்றார்.

தெய்வசிகாமணி தண்டவாளத்தில் இறங்கி, கிடந்த கட்டையை எடுத்துத் துண்டால் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வண்டி போன திசையில் நடக்கத் தொடங்கினார்.